பழைய கோல்ட் ரிவால்வரின் செதுக்கு வேலைப்பாடு அசல்தானா என்று எப்படி அறிவது?

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்த கோல்ட் (Colt) நிறுவனத்தின் துப்பாக்கித் தொழிற்சாலையில் 19ஆம் நூற்றாண்டில் உருவான ரிவால்வரின் கொடிச்சுருள் வேலைப்பாடு அங்கேயே செய்யப்பட்டதா, பின்னாளில் விலையேற்றுவதற்காக வெட்டப்பட்டதா என்பதை முதலில் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும். உடற்சட்டத்தைக் கடினமாக்குவதற்கும் குழலுக்கு நீலநிறம் ஏற்றுவதற்கும் முன்பே செதுக்குவது வழக்கம் என்பதால், அசல் வெட்டுகளின் அடியில் அந்நிறத்தின் எச்சம் பெரும்பாலும் தங்கியிருக்கும். சுற்றுப்பரப்பு தேய்ந்து வழவழப்பாகியிருக்க, வெட்டின் விளிம்பு மட்டும் நகத்தில் உரசும் அளவுக்குக் கூர்மையாக இருந்தால், நான் அதை வாங்கமாட்டேன். தொழிற்சாலை முத்திரையின் குறுக்கே கொடி ஓடினாலும் சந்தேகம்தான். குஸ்தாவ் யங் என்ற புகழ்பெற்ற ஜெர்மானியச் செதுக்குநரின் பெயரை விற்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்; பெரும்பாலான துப்பாக்கிகளிலோ கையொப்பமே இராது. வரிசை எண்ணுக்குரிய பழைய பதிவேட்டில் வேலைப்பாடு குறிக்கப்பட்டுள்ளதா என்று கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவிடம் கட்டணம் செலுத்திக் கடிதம் பெறுவதே வலுவான சான்று. ஆனால் 1864ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையில் நேர்ந்த தீ விபத்துக்கு முந்தைய துப்பாக்கிகள் பலவற்றுக்கு அத்தகைய பதிவு கிடைப்பதில்லை.