டீச்சரைக் கேளுங்கள்: வயலினை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். போன மாதம் டிவியில் ஒரு சைக்கோ த்ரில்லர் போட்டார்கள். அதில் கொலைகாரன் யார் கண்ணையும் பார்க்கமாட்டான், பொருள்களை வரிசையாக அடுக்குவான், சொன்னதையே சொல்வான். கடைசியில் அவனுக்கு ஆட்டிசம் என்கிறார்கள். அதிலிருந்து மாடிவீட்டு அக்கா தன் பெண்ணை எங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்புவதில்லை. நான் என்ன சொல்வது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நல்லவேளை, படத்தின் பெயரை எழுதாமல் விட்டீர்கள். எழுதியிருந்தால் நானும் பார்த்துத் தொலைத்திருப்பேன், பக்கம் போதாது. சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். த்ரில்லர் பைத்தியமும்கூட.

இயக்குநருக்கு இது சுலபமான வேலை. ஒருவன் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குகிறான், பின்னால் வயலின் கிறீச்சிடுகிறது, நமக்கு வயிற்றைப் பிசைகிறது. வயலினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தீப்பெட்டி அடுக்குகிறான், அவ்வளவுதான். 1943-ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, சுற்றியிருப்பது எதுவும் மாறக்கூடாது என்று அவர்கள் படும் தவிப்பைச் சொல்லியிருக்கிறார். பல பிள்ளைகளுக்கு அடுக்குவதில் ஒரு நிம்மதி.

சரி, அந்த வில்லன் என்னவெல்லாம் செய்கிறான்? இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக ஆளை நோட்டம் விடுவான், இனிக்க இனிக்கப் பொய் சொல்வான், போலீஸ் என்ன நினைக்கும் என்று முன்னாடியே கணக்குப் போடுவான். அடுத்தவர் மனதில் ஓடுவதைப் பிடிப்பதுதானே ஆட்டிசம் உள்ள பலருக்குப் பெரும்பாடு! ஈவிரக்கமில்லாத ஒரு ஏமாற்றுக்காரனை எழுதிவிட்டு, அவன் மேல் நம் பிள்ளைகளின் கை உதறலை ஒட்டிவிடுகிறார்கள்.

'அடிக்கமாட்டானா?' என்று அந்த அக்கா கேட்டால் மழுப்பாதீர்கள். சில பிள்ளைகள் அடிப்பார்கள், தங்களையே கடித்துக்கொள்வதும் உண்டு. சத்தமோ வலியோ தாங்க முடியாமல், வாய்விட்டுச் சொல்லவும் தெரியாமல் வெடிப்பது அது. திட்டம் போட்டு வருவதல்ல.

இன்னொரு வகைப் படமும் எனக்கு ஆகாது. 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்தில் ஆட்டிசம் உள்ள ஒருவர் மனக்கணக்கில் புலியாக வருவார். அதற்குத் தூண்டுதலாக இருந்த, அபார நினைவாற்றல் கொண்ட அமெரிக்கர் கிம் பீக்குக்கு ஆட்டிசமே இல்லை என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் கணக்குப் புலி பிம்பம் ஒட்டிக்கொண்டது. 1997-ன் 'க்யூப்' படத்தில், பொறிகள் நிறைந்த அறைகளில் சிக்கியவர்களில் ஆட்டிசம் உள்ள கசான் என்பவன் எண்களைப் பகுத்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்கு வழி கிடைக்கும். அடுத்த வருடம் 'மெர்க்குரி ரைசிங்' படத்தில் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன் அரசாங்கத்தின் ரகசியக் குறியீட்டையே உடைக்கிறான். கொலை செய்யாவிட்டால் வித்தை காட்ட வேண்டும்! 'உங்க பையனுக்கு என்ன திறமைங்க?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே, அந்தக் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. உங்கள் மகனுக்கு இட்லி பிடித்து, தறிச் சத்தம் பிடிக்காமல் இருந்தால் அதுவே போதும்.

மாடிவீட்டு அக்காவிடம் சினிமா பேச வேண்டாம். ஆடிப் பண்டிகை வருகிறது, பம்பையும் பட்டாசும் தெருவை இரண்டாக்கும். அவன் காதைப் பொத்திக்கொண்டால் யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், உள்ளறைக்குப் போக வழிவிட்டால் போதும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அந்தப் பெண்ணிடமும் சொல்லுங்கள். இத்தனை நாள் அவனோடு விளையாடியவள், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.