கழிவுக் கடதாசிக் கூழை வெளுக்கிறது: கேள்வி பதில்

ஏறாவூர்: பழைய பத்திரிகைக் கூழ் எவ்வளவு வெளுத்தாலும் சாம்பல் நிறமாவே நிக்குது. மருந்தைக் கூட்டவா சேர்?

கூட்டாதீங்க தம்பி. அது அச்சு மையில இருக்கிற கரி. கரியை எந்த வெளிற்றியும் கரைக்காது. மையை முதல்ல பிரிச்செடுக்கணும். ஆலையில கூழை நல்லா ஐதாக்கி, சவர்க்காரம் சேர்த்து, அடியால காற்றுக் குமிழி விடுவாங்க. மை குமிழியில ஒட்டி நுரையோட மேல வரும், வழிச்செடுப்பாங்க. வீட்டளவில நுண்வலையில போட்டு, வடியிற தண்ணி தெளியும் வரைக்கும் கழுவுங்க. அதுக்குப் பிறகுதான் வெளிற்றி.

காத்தான்குடி: ஐதரசன் பரஒட்சைட்டு விட்டதும் பொங்கி அடங்கிடுது. நிறம் மாறல்ல.

கிணத்துத் தண்ணியை ஒரு வாளியில இரவு முழுக்க வைங்க காக்கா. காலையில அடியில செம்மண் நிறத்துல படிஞ்சிருந்தா அது இரும்பு. இரும்பும் மங்கனீசும் பரஒட்சைட்டைத் தண்ணியும் ஒட்சிசனுமா உடைச்சிடும். பொங்கினது அந்த ஒட்சிசன்தான். அதுக்குத்தான் ஆலையில உலோகத்தைப் பிடிச்சு வைக்கிற ஈடிடிஏ, டிடிபிஏ மாதிரி மருந்தும், கூடவே சோடியம் சிலிக்கேற்றும் போடுறாங்க. நாள்பட ஊறி நாறின கூழும் வேண்டாம். அதில வளர்ற பக்டீரியா சுரக்கிற நொதியமும் இதே வேலையைத்தான் செய்யும். தண்ணி சரியானா, காஸ்டிக் சோடாவால பிஎச் 10.5 அளவில வச்சு, 60–70 பாகைச் சூட்டில ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்க.

கல்முனை: கிணத்துக்குப் போடுற குளோரின் தூள் மலிவுதானே?

பத்திரிகைக்குக் கூடாது. அது மரத்தை அப்படியே அரைச்ச கூழ். மர நாரை ஒட்டி வைக்கிற லிக்னின் முழுக்க உள்ளதான் இருக்கு, குளோரின் பட்டா மஞ்சளாகும்.

கல்முனை (திரும்பவும்): நான் சிவப்புத் தாளை அதாலதான் வெளுத்தன். நல்லாத்தானே வந்துது!

வந்திருக்கும். நிறத்தாள் பெரும்பாலும் லிக்னின் எடுத்த இரசாயனக் கூழ். சாயத்தை உடைக்கக் குளோரின் கெட்டிக்காரன், பரஒட்சைட்டுக்குப் பல சாயம் அசையாது. அதில உங்களோட எனக்கு வாதமில்ல. கழிவுத் தண்ணியிலதான் வாதம். குளோரின் ஏறின கரிமச் சேர்வைகள் அதோட போய் வாவியில சேரும், லேசில அழியாது. சோடியம் டைதயனைற்று அதே சாயத்தைக் குளோரின் இல்லாம எடுக்கும். 60 பாகை, பிஎச் 6–7, காற்றுப் படாம மூடி வைக்கணும். அந்தத் தூளில ஈரம் பட்டா தானாச் சூடேறித் தீப்பிடிக்கும், கவனம்.

அக்கரைப்பற்று: குளோரினோட கொஞ்சம் அசிட் விட்டா வேகமா வெளுக்குமாமே?

விடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். யார் சொன்னாலும் செய்யாதீங்க.

வாழைச்சேனை: எங்கட ஆலை வைக்கோல்லதானே கடதாசி செய்தது. வைக்கோலையும் இப்படி வெளுக்கலாமா?

வைக்கோலை முதல்ல காஸ்டிக் சோடாவில அவிச்சுக் கூழாக்கணும் தங்கச்சி. அது வேற வேலை, தனியாக் கேளுங்க, விரிவாச் சொல்றன்.

ஓட்டமாவடி: பத்திரிகைக்குக் குளோரின் போடலாமா?

கல்முனைக்காரருக்குச் சொன்னதுதான். மேல வாசிங்க.