1953-ல் குண்டு, 1955-ல் விமானம்: இரண்டுமே சரிதான்

நண்பரே, பிரிட்டனின் முதல் அணுகுண்டான புளூ டான்யூப் 1953 நவம்பரிலேயே இங்கிலாந்தின் விட்டரிங் விமானப்படைத் தளத்துக்கு வந்துவிட்டது, அதைச் சுமக்கும் வேலியன்ட் குண்டுவீச்சு விமானங்களோ 1955-ல்தான் படையில் சேர்ந்தன, இதில் எது அச்சுப்பிழை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியே. குண்டு முந்திக்கொண்டது, விமானம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். ஆக, ஒரு வருடத்துக்கு மேல் பிரிட்டனிடம் அணுகுண்டு இருந்தும் போட வழியில்லை. அரசாங்க வேலை எங்கேயும் இப்படித்தான் போல!

ஆனால் உங்கள் அட்டவணையில் வேறொரு பிழை இருக்கிறது. பிரிட்டனின் முதல் அணுகுண்டு சோதனையை (1952 அக்டோபர் 3) 'விமானத்திலிருந்து போட்டது' என்று குறித்திருக்கிறீர்கள். அது ஆஸ்திரேலியாவின் மான்டி பெல்லோ தீவுகள் அருகே, பிளிம் என்ற போர்க்கப்பலின் வயிற்றுக்குள் வைத்து வெடித்தது. விமானத்திலிருந்து முதலில் போட்டது 1956 அக்டோபர் 11, ஆஸ்திரேலியாவின் மரலிங்காவில். வெடித்தது சுமார் 3 கிலோடன்தான் (அதாவது 3,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் வீரியம்). ஏதாவது கோளாறாகித் தரைக்குப் பக்கத்தில் வெடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், வேண்டுமென்றே வீரியத்தைக் குறைத்திருந்தார்கள்.

மாடல் செய்வதாகச் சொன்னதால் இதையும் கவனியுங்கள்: குண்டின் நீளம் சுமார் 24 அடி, விட்டம் 5 அடி, எடை நாலரை டன். வால் இறக்கைகள் விமானத்துக்குள் மடங்கியே இருக்கும், விழும்போதுதான் விரியும். வேலியன்டின் வயிற்றுக்குள் வைத்துக் காட்டுவதென்றால் மடக்கியே ஒட்டுங்கள்.