கொள்ளில் நல்ல ரகம் ஏன் எளிதில் வருவதில்லை? – கேள்வி பதில்

ஐயா, ஆடி மழைக்கே கொள்ளு விதைத்தேன். கொடி பின்னிக் கிடக்கிறது, பூவைக் காணோம். விதை சரியில்லையா? (தருமபுரி விவசாயி)

விதையைக் குறை சொல்லாதீர்கள். கொள்ளு குறும்பகல் பயிர். பகல் நீண்டிருக்கும்வரை இலையும் கொடியுமாக ஓடும். பொழுது சுருங்கினால்தான் பூக்கும். புரட்டாசிக் கடைசியில் விதையுங்கள். எப்போது விதைத்தாலும் பூத்து, ஒன்றாகக் காய்த்து முற்றும் குத்துச்செடி வேண்டும் என்பதுதான் புது ரகம் உருவாக்கும் எங்கள் தேடலும்.

கொள்ளில் இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் எடுப்பது ஏன் அரிதாக இருக்கிறது? (வேளாண் மாணவி)

ஒருமுறை செய்து பாருங்களம்மா, புரியும். மொட்டு விரியுமுன்பே மகரந்தப்பை வெடித்து, தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே (பூவின் பெண் பாகத்தின் நுனியிலேயே) விழுந்துவிடும். எனவே முந்தைய நாள் மாலையிலேயே, விரியாத மொட்டின் அடியிதழை ஊசிமுனை இடுக்கியால் கிழித்து, பத்து மகரந்தப்பைகளையும் நசுங்காமல் எடுக்க வேண்டும். சூல்தண்டில் கீறல் பட்டால் போயிற்று. மறுநாள் காலை வேற்று ரக மகரந்தத்தைத் தடவினாலும், கைபட்ட மொட்டுகளில் பல பழுத்து உதிரும். தங்கும் காயிலும் நாலைந்து விதைதான்.

அதனால்தான் பலர், விதையில் கதிர் செலுத்தி அதன் குணத்தை மாற்றும் வழியை நாடினார்கள். பையூர் 2 என்ற கொள்ளு ரகம், கோ 1 என்ற ரகத்தின் விதையில் காமாக் கதிர் செலுத்திப் பெற்றது. நல்ல வழிதான். ஆனால் எங்கோ ஒரு நாட்டு ரகத்தில் இருக்கும் நோய் எதிர்ப்பை நம் ரகத்துக்குக் கொண்டுவர, அந்த இடுக்கியை எடுத்தே ஆக வேண்டும்.

நெல்லைப் போல மூட்டை மூட்டையாக ஏன் விளைவதில்லை?

செடிக்கு ஒரு கிராம் சர்க்கரை கிடைத்தால் அதில் சுமார் 0.83 கிராம் மாவுச்சத்து செய்யலாம், புரதமென்றால் 0.4 கிராம்தான். கொள்ளில் புரதம் சுமார் 22 சதவீதம். அதுவும் உரமில்லாத செம்மண்ணில், மிச்ச ஈரத்தில்! நெல்லோடு ஒப்பிடுவது அநியாயம்.

காணத்தில் (கொள்ளில்) இரும்புச்சத்து இருந்தும் உடம்பில் ஒட்டாதாமே? ரகத்திலேயே சரிசெய்ய முடியாதா? (திருநெல்வேலி வாசகி)

விதையிலுள்ள பைட்டேட் என்ற பொருளும், தோலிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. வேண்டாத பொருளை ரகத்திலேயே குறைக்க முடியும்: கால்களை முடக்கும் நச்சுள்ள கேசரிப் பருப்பில், அந்த நச்சு குறைந்த 'ரத்தன்' ரகம் வந்திருக்கிறது. ஆனால் பைட்டேட் நச்சு அல்ல. முளைக்கும் விதை தனக்கு வேண்டிய பாஸ்பரஸை அதில்தான் சேர்த்து வைத்திருக்கிறது. அதைக் குறைத்த சோயா, மக்காச்சோள வகைகளில் முளைப்புத்திறன் குன்றியதைப் பார்த்திருக்கிறோம். மழையை நம்பி விதைக்கும் பயிரில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் கருத்து. ஊறவைத்து முளைகட்டுங்கள், பைட்டேட் குறையும்.

கதிர்வீச்சு ரகத்தின் விதையை நானே எடுத்து வைக்கலாமா? பயமில்லையா?

தாராளமாக. கதிர் பட்டது முதல் தலைமுறை விதைக்கு மட்டுமே. உங்கள் கையிலுள்ள விதையில் கதிரியக்கம் எதுவும் இல்லை. தன் மகரந்தத்தில் காய்ப்பதால் குணமும் எளிதில் மாறாது. களத்தில் வேறு ரகம் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் முற்றிய செடிகளின் விதையைத் தனியே எடுத்து வையுங்கள்.