இருபது பை-இன் போதுமா? – கடிதம்

வணக்கம் அண்ணா,

சீட்டாட்டத்தையும் அதன் கணக்கையும் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 31 வயது. சொந்த ஊர் கோவை. டொரன்டோவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இங்கே உரிமம் பெற்ற ஒரு தளத்தில் 100 டாலர் போட்டு ஆன்லைன் போக்கர் ஆட ஆரம்பித்தேன். ஆறு பேர் மேசை மட்டும்தான் ஆடுவேன். 1/2 சென்ட் பிளைண்டிலிருந்து (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்ட வேண்டிய சின்ன, பெரிய தொகைகள்) மெதுவாக ஏறி வந்தேன். 10/25 சென்ட் மேசையில் 40,000 ஹேண்ட் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு ஹேண்ட்) ஆடி, நூறு ஹேண்டுக்கு 4 பெரிய பிளைண்ட் வீதம் லாபத்தில் இருந்தேன். கையிருப்பு 1,000 டாலர் ஆனதும், 'இருபது பை-இன் சேர்ந்தால் ஏறலாம்' என்ற விதிப்படி (பை-இன் என்றால் மேசைக்குக் கொண்டுபோகும் தொகை, நூறு பெரிய பிளைண்ட்) 25/50 சென்டுக்குப் போனேன். மூன்று வாரத்தில், 8,000 ஹேண்டில், 9 பை-இன் போய்விட்டது. மீதி 550 டாலர்.

போன வாரம் ஒரு ஹேண்ட். நான் பெரிய பிளைண்டில், கையில் கிளாவர் ராஜாவும் கிளாவர் பத்தும். பட்டனில் (டீலர் இடத்தில்) இருந்தவர் 1.25-க்கு ஏற்றினார், கால் செய்தேன், அதாவது ஈடுகட்டினேன். ஃப்ளாப் (நடுவில் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டு) ராஜா, எட்டு, நான்கு. அவர் 90 சென்ட், கால். டர்ன் (நான்காவது சீட்டு) இரண்டு. அவர் 3.40, கால். ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஏழு. 11.35 இருந்த பாட்டில் (நடுவில் சேர்ந்த பணத்தில்) அவர் 17 டாலர் வைத்தார். 17 டாலர் என்றால் மகனின் பள்ளி மதிய உணவு இரண்டு நாளைக்கு என்று தோன்றியது, சீட்டை மடக்கி ஃபோல்ட் செய்துவிட்டேன். பழைய மேசையில் அப்படி யோசித்ததே இல்லை.

விதி தப்பா, நான் தப்பா? சம்பளத்திலிருந்து 500 போட்டு அங்கேயே தொடரலாமா? கீழே இறங்க மனம் வரவில்லை. கோவை நண்பர்களும் எங்கே ஆடலாம் என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது?

க.

அன்புள்ள க.,

சம்பளப் பணத்தைப் போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. 100 டாலரை ஒன்றரை வருடத்தில் ஆயிரமாக்கியது நீங்கள் செய்த நல்ல வேலை. வீட்டுப் பணம் அதில் கலந்துவிட்டால், ஆட்டத்தில் வந்தது எவ்வளவு, வெளியிலிருந்து போட்டது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். தோற்றதை மீட்கச் சம்பளத்தில் கைவைக்கும் எண்ணம் வரும் நாளில் போக்கரை மூடிவிட வேண்டும். அந்த எண்ணம் அடிக்கடி வந்தால் ஆட்டத்தையே நிறுத்துங்கள். அதை மறைக்காமல் கேட்டீர்களே, அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

சரி, விதிக்கு வருகிறேன். 550-ஐ 25-ஆல் வகுத்துப் பாருங்கள்: 22 பை-இன். ஒன்பது பை-இன் தோற்ற பிறகும் பழைய மேசைக்கு வேண்டிய பணம் முழுசாக உங்களிடம் இருக்கிறது. விதி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஏறும் பாதியை ஏற்றுக்கொண்டு இறங்கும் பாதியை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இந்த இருபது என்ற எண் பரவியதில் கிரிஸ் ஃபெர்குசனுக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-ம் ஆண்டின் போக்கர் உலகத் தொடர் முதன்மைப் போட்டியை வென்றவர். 2006-ல் ஃபுல் டில்ட் என்ற ஆன்லைன் போக்கர் தளத்தில் ஒரு காசும் போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி, கையிருப்பைப் பத்தாயிரம் டாலர் ஆக்கிக் காட்டினார். ஏறக்குறைய 16 மாதம் ஆனது. எந்த மேசையிலும் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டு உட்காரக் கூடாது என்பது அவர் விதி. அதுதான் இருபது பை-இன். மேசையில் இருக்கும் பணம் மொத்தக் கையிருப்பில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், அடுத்த முறை பிளைண்ட் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. உலக சாம்பியனே சென்ட் மேசைகளில் அத்தனை மாதம் உட்கார்ந்திருக்கிறார். கையிருப்பு குறைந்தால் அவருடைய 5 சதவீதமும் தானாகக் குறையும், கீழே போயே ஆக வேண்டும். இருபதை எடுத்துச் சொல்கிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆறு பேர் மேசைக்கு இருபது பத்தாது என்பது என் கருத்து. ஒரு சுற்றுக்கு ஒன்றரை பெரிய பிளைண்ட் கட்டுகிறோம். ஒன்பது பேர் மேசையில் எல்லாக் கையையும் மடக்கிக்கொண்டே இருந்தால் நூறு ஹேண்டுக்குப் பதினேழு பெரிய பிளைண்ட் போகும். ஆறு பேர் மேசையில் 25 போகும். காத்திருப்பதே இங்கே செலவு என்பதால் சுமாரான கைகளோடும் ஆடியாக வேண்டும். ஏற்றி மிரட்டி மற்றவர்களின் பிளைண்டைத் திருட வருபவரை எதிர்த்து நிற்கவும் வேண்டும். பணம் ஏறி இறங்கும் வேகம் கூடுகிறது. நூறு ஹேண்டுக்கான திட்ட விலக்கம் (முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஆறு பேர் மேசையில் சாதாரணமாக 90, 100 பெரிய பிளைண்ட் என்ற அளவில் இருக்கும். ஹேண்ட்களைப் பதிந்துவைக்கும் உங்கள் டிராக்கர் மென்பொருளிலும் பாருங்கள். நான் 95 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

உங்கள் 8,000 ஹேண்டை எடுத்துக்கொள்வோம். அத்தனை ஹேண்டுக்குத் திட்ட விலக்கம் 850 பெரிய பிளைண்ட் வரும். நீங்கள் தோற்றது 900. லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஆடும் ஒருவருக்கு இந்த அளவோ இதைவிட மோசமோ ஏழில் ஒரு முறை நடக்கும். நூறுக்கு 5 ஜெயிக்கிற கெட்டிக்காரருக்கும் பதினாறில் ஒரு முறை நடக்கும். ஆகவே இந்த மூன்று வாரத்தை வைத்து 'நான் அந்த மேசைக்கு லாயக்கில்லை' என்று முடிவு கட்ட முடியாது. 'வெறும் கெட்ட நேரம்' என்றும் சொல்லிவிட முடியாது.

இதே கணக்கு உங்கள் நல்ல காலத்துக்கும் பொருந்தும். 40,000 ஹேண்டில் நூறுக்கு 4 என்கிறீர்கள். அந்த 4-ஐச் சுற்றி இரண்டு பக்கமும் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக விலக்கம் இருக்கிறது. உண்மையான வேகம் எட்டாகவும் இருக்கலாம், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயும் இருக்கலாம். நாற்பதாயிரம் ஹேண்ட் ஆடிய களைப்பு உடம்புக்குத் தெரியும், ஆனால் கணக்குக்கு அது சின்னத் தொகை. சின்ன மேசைகளில் ரேக்கின் (பாட்டிலிருந்து தளம் எடுத்துக்கொள்ளும் பங்கின்) சுமையும் அதிகம். அங்கே ரேக்கின் உச்சவரம்பு பெரிய பிளைண்டில் பார்த்தால் பெரியது.

எத்தனை பை-இன் வேண்டும் என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. நீங்கள் எவ்வளவு ஜெயிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு. திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை லாப வேகத்தால் வகுத்தால், கையிருப்பு மிக வேகமாக வளரும் அளவு கிடைக்கும். 95-க்கு வர்க்கம் 9,025. நூறுக்கு 5 ஜெயித்தால் 1,805 பெரிய பிளைண்ட், அதாவது 18 பை-இன். நூறுக்கு 2 என்றால் 45 பை-இன். மேலே போகப் போக எதிராளிகள் தேறுவார்கள், உங்கள் வேகம் குறையும். 10/25-ல் 4 இருந்தது 25/50-ல் 2 ஆகிவிட்டால், இருபதோடு போன நீங்கள் தேவையானதில் பாதிகூட இல்லாமல்தான் போயிருக்கிறீர்கள்.

அந்த முழு கெல்லி அளவிலேயே ஆடினாலும் கையிருப்பு எப்போதாவது பாதியாகக் குறையும் வாய்ப்பு சரிபாதி. இரண்டு மடங்கு பை-இன் வைத்துக்கொண்டால் அது எட்டில் ஒன்றாகிறது. வளர்ச்சியில் கால் பங்குதான் குறையும். வேலையும் குடும்பமும் இருக்கிற ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் அந்த ராஜா-பத்து. 17 டாலர் கொடுத்து 45.35-க்குப் போட்டி. நூற்றுக்கு 37, 38 தடவை ஜெயித்தாலே கால் செய்தது வீணாகாது. ஃப்ளாப்பில் ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) வழியிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும், இருந்திருந்தால் அவரிடம் கூடி வராத கைகள் நிறைய இருக்கும். ஒரே சின்னத்து ஒன்பது-பத்து, பத்து-ஜாக் போன்ற கைகளோடு ஃப்ளஷ்ஷைத் துரத்தி ஏமாந்தவர்கள் புளுகுவார்கள். உங்கள் கையில் இருக்கும் பத்து அவற்றில் சிலவற்றைத் தடுக்கிறது, அது ஃபோல்டுக்குச் சாதகம். கையில் எட்டு ஜோடியோ நான்கு ஜோடியோ இருந்து, ஃப்ளாப்பில் மூன்றாவதும் சேர்ந்தவர்களும் இப்படி வைப்பார்கள். கால், ஃபோல்ட் இரண்டுக்கும் வாதம் இருக்கிறது. அந்த நிமிடம் நீங்கள் இதில் எதையும் யோசிக்கவில்லை, மதிய உணவை யோசித்தீர்கள். அந்தப் பட்டன்காரர் வைத்த 17 புளுகு என்றால், நீங்கள் அப்படி யோசிப்பீர்கள் என்று நம்பித்தான் வைத்திருப்பார். அந்த மேசையில் பணம் உங்களுக்கு வெறும் ஆட்டச் சில்லாகத் தெரியவில்லை என்றால், கையிருப்பு எத்தனை பை-இன்னாக இருந்தாலும் அந்த மேசை உங்களுக்கு இப்போதைக்குப் பெரியது.

இனி செய்ய வேண்டியது. இன்றைக்கே 10/25-க்கு இறங்குங்கள். 400 டாலருக்குக் கீழே போனால் 5/10. கையிருப்பு 1,100 ஆனதும் அதில் 200-ஐ மட்டும் 25/50-க்கு ஒதுக்குங்கள். வழக்கமான மேசைகளோடு ஒரே ஒரு பெரிய மேசை, அதுவும் தெளிவாகச் சுமாராக ஆடுகிறவர் ஒருவராவது உட்கார்ந்திருந்தால் மட்டும். அந்த 200 போனால் 900-ஓடு திரும்புவீர்கள், அது பழைய மேசைக்கு 36 பை-இன். இறங்கும் எண்ணை ஏறுவதற்கு முன்பே தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் இரவில் எந்த எண்ணும் நியாயமாகத் தோன்றாது. ஒரு நாளைக்கு மூன்று பை-இன் போனால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள்.

2009 டிசம்பரில் 'இசில்டர்1' என்ற பெயரில் ஆடிய விக்டர் ப்ளோம், பிரையன் ஹேஸ்டிங்ஸிடம் ஒரே அமர்வில் சுமார் 42 லட்சம் டாலர் இழந்தார். அப்போதைய ஆன்லைன் உலகிலேயே எல்லோரும் பயந்த ஆட்டக்காரர் அவர். திறமை இருந்தால் இறங்கும் எண் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்த இரவைச் சொல்லுங்கள்.

தளத்தில் முழுப் பணத்தையும் வைத்திருக்காதீர்கள். அடுத்த சில வாரத்துக்கு வேண்டியது போக மீதியைத் தனி வங்கிக் கணக்குக்கு எடுத்துவிடுங்கள். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியபோது, ஃபெர்குசன் பத்தாயிரம் சேர்த்துக் காட்டிய அதே ஃபுல் டில்டில் ஆட்டக்காரர்களின் பணம் மாட்டிக்கொண்டது. அமெரிக்கர்களுக்கு அது திரும்பி வரத் தொடங்கியது 2014-ல். 2022 ஏப்ரலில் திறந்த ஒன்டாரியோ சந்தையில் கண்காணிப்பு அதிகம் என்பது உண்மைதான். இருந்தாலும் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை நண்பர்களுக்கு ஒரே பதில்: ஆடாதீர்கள். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமில்லாமல் தடை செய்கிறது. போக்கர் திறமை ஆட்டம் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைக் காட்டி யாராவது அழைத்தால் நம்ப வேண்டாம். இன்று இந்தியர்களைக் கூப்பிடுகிற வெளிநாட்டுத் தளங்களில் பணம் மாட்டினால் கேட்க ஆளில்லை. உங்கள் கணக்கைக் கொடுத்து அவர்களை ஆடவைக்கவும் செய்யாதீர்கள், கணக்கே பறிபோகும்.

10/25-ல் இன்னும் ஒரு 50,000 ஹேண்ட் ஆடிவிட்டு, பெரிய பிளைண்டிலிருந்து நீங்கள் கால் செய்து ரிவர் வரை போன ஹேண்ட்களை மட்டும் பிரித்தெடுத்து அனுப்புங்கள். உங்கள் பணம் அங்கேதான் கசிகிறது என்று சந்தேகப்படுகிறேன். உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்.