குருவிக்கு இரை வைத்தால் கோழி சாகுமா?

கேள்வி: கொல்லையில் ஒன்பது நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். அதே கொல்லையில் மதில் மேல் கம்பும் நொய்யும் தூவி, மண்சட்டியில் தண்ணீரும் வைக்கிறேன். சிட்டுக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி, புறா எல்லாம் வருகின்றன. மாமியார் காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டார். போன மாதம் தெருவில் இரண்டு வீட்டுக் கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகிச் செத்துப்போயின. "நீ குருவிக்கு இரை போடுவதால்தான்" என்று என்னைச் சொல்கிறார்கள். நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அதற்கு முன் அந்த இரண்டு வீட்டாரிடமும் ஒன்றைக் கேளுங்கள்: கடைசியாக வாங்கிய கோழி எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது? பெரும்பாலும் "சந்தையில், பதினைந்து நாள் முன்னால்" என்றுதான் பதில் வரும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சலுடையவை. ராணிக்கெட் என்றும் சொல்வார்கள்; இன்றைய உத்தராகண்டில் உள்ள மலையூரின் பெயர் அது. இது வைரஸ் நோய். எச்சத்திலும் மூக்குச் சளியிலும் வெளியேறும், இன்னொரு கோழியின் தீவனத்திலோ தண்ணீரிலோ போய்ச் சேரும். குருவியும் காலில் ஒட்டிக்கொண்டு வரலாம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை குருவி கொண்டுவந்ததைவிட மனிதன் கூடையில் கொண்டுவந்தது பல மடங்கு.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு தெருவில் நாலு கோழி சுணங்கியதும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வண்டியில் வந்துவிடுவார். "இருக்கிறதையும் இழக்காதீங்கம்மா, பாதி விலைக்காவது குடுங்க" என்பார். பயத்தில் கொடுத்துவிடுவோம். பார்க்க நன்றாக இருக்கும் அந்தக் கோழிகளுக்குள் நோய் ஏற்கனவே புகுந்திருக்கும். வெளியே தெரிய சராசரியாக ஐந்தாறு நாள் ஆகும், இரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் அவை அடுத்த ஊர்ச் சந்தையில் முழு விலைக்குப் போயிருக்கும். இன்னொரு வகை ஆளும் உண்டு. கோழி நோயில் கிடக்கும்போது டானிக், ஆன்டிபயாடிக் என்று நானூறு ரூபாய்க்குத் தலையில் கட்டுவார். இந்த வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. நோய் வந்த பிறகு இதற்கு மருந்தே கிடையாது. சந்தையில் கோழி வாங்கினால் மூன்று வாரம் தனியாகக் கட்டி வையுங்கள், தனித் தட்டு, தனித் தண்ணீர். "அதெல்லாம் தேவையில்லை, நாட்டுக்கோழிக்கு ஒன்றும் வராது" என்று விற்றவர் சொன்னால் அவரிடம் மறுபடி வாங்காதீர்கள்.

சரி, உங்கள் கொல்லைக்கு வருவோம். வினையெல்லாம் மதிலுக்குக் கீழே இருக்கிறது. குருவி பாதி தின்னும், பாதி சிந்தும், எச்சமும் அங்கேதான் போடும். கோழி அந்த இடத்தைத்தான் தேடிப் போய்க் கிளறும். அதனால் குருவிகளின் இரையை வாசல் பக்கமோ மொட்டைமாடியிலோ வையுங்கள், கோழி எட்டாத இடத்தில். காலை பத்து மணிக்குள் தீர்ந்துபோகிற அளவு போதும். மிச்சம் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

கோழித் தீவனத்தை எதிர்த்திசையில் நகர்த்துங்கள், கூண்டுக்குள். கூண்டுக்கு வலை கேட்டால் கடைக்காரர் ஒரு அங்குலக் கண்ணி வலையைத்தான் எடுத்துக் காட்டுவார். அதில் குருவி நுழைந்துவிடும். அரை அங்குலம் கேட்டு வாங்குங்கள்.

இரையைவிட நான் பயப்படுவது தண்ணீருக்கு. ஒரே சட்டியில் மைனா குளிக்கும், காக்கை எங்கோ பொறுக்கிய எலும்பை ஊறப்போடும், கோழி அதையே குடிக்கும். குருவிச் சட்டி வேறு, கோழிச் சட்டி வேறு. இரண்டையும் தினமும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். கூண்டின் கூரையடியில் குருவிக்கூட்டுப் பெட்டி மாட்டியிருந்தால் அதையும் வேறு பக்கம் மாற்றிவிடுங்கள், அதிலிருந்து செள்ளுப்பூச்சி கோழி மேல் இறங்கும். ரத்தக்கழிச்சலுக்குக் குருவியைக் குறை சொல்லாதீர்கள். கோழிக்கு அதைக் கொடுக்கும் கிருமி கோழிக்கே உரியது. ஈரமான கூண்டுத் தரையில்தான் அது பெருகும்.

குருவிக்குச் சொன்ன இந்தச் சலுகை புறாவுக்குப் பொருந்தாது. வெள்ளைக்கழிச்சல் வைரஸின் நெருங்கிய வகை ஒன்று புறாவிலேயே தங்கிச் சுற்றுகிறது. கழுத்தைத் திருகிக்கொண்டு, தானியத்தைக் குறிபார்த்துக் கொத்தமுடியாமல் தடுமாறும் புறாவைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். கோயில் கோபுரத்து மாடப்புறா கூட்டமாக வரும், நிறையத் தின்னும், நிறைய எச்சமிடும். பக்கத்து வீட்டில் யாராவது பந்தயப் புறா வளர்த்தால் இன்னும் கவனம் வேண்டும், அவை ஊர் விட்டு ஊர் விற்கப்படுபவை. செடியோரம் இரண்டு இரண்டாக நடக்கும் சின்ன மணிப்புறாவைத் துரத்த வேண்டாம், ஆனால் கோழித் தட்டுப் பக்கமும் விட வேண்டாம். மாடப்புறா தொல்லை இருந்தால் அகலமான தட்டை எடுத்துவிட்டு, குருவி மட்டும் தொற்றி நிற்கும்படி சின்னத் துளையிட்ட சிரட்டையைத் தொங்கவிடுங்கள். புறாவுக்கு நிற்க இடமிருக்காது. "புறாவும் ஜீவன்தானே" என்பார் மாமியார். ஜீவன்தான், கோழி இல்லாத வீட்டு மாடியில் சாப்பிடட்டும்.

இவ்வளவும் செய்து தடுப்பூசி போடவில்லை என்றால் பிரயோசனம் இல்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி, எட்டு வாரம் முடிந்த பிறகு இறக்கையடியில் ஊசி. அந்த ஊசியை அதற்கு முன் போடாதீர்கள், குஞ்சு தாங்காது. ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள்.

இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். ராணிப்பேட்டையில் 1932 முதல் அரசின் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது, மருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் புட்டி வருவது நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்ற கணக்கில். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒன்பது கோழிக்காரர் போய் நின்றால் "முகாம் வரும்போது வாங்க" என்பார்கள். முகாம் வரும்வரை நோய் காத்திருக்குமா? கொல்லைக் கோழி யார் கணக்கிலும் வராத கோழி. நீங்களே ஒரு வழி செய்யுங்கள்: தெருவில் எல்லார் கோழியையும் எண்ணி ஒரு பட்டியல் போட்டு, அறுபது எழுபது சேர்ந்ததும் கால்நடை மருந்தகத்தில் நாள் கேளுங்கள். நோய் பார்த்த தெரு என்றும் சொல்லுங்கள். அப்புறம், மருந்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் வருபவரிடம் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐஸ் பெட்டியில் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இல்லாத மருந்து வெறும் தண்ணீர்.

பறவைக் காய்ச்சல் பயமும் இருக்கும். 2021 ஜனவரியில் ஆலப்புழா, கோட்டயம் வாத்துகளில் அது வந்த சமயத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் செத்து விழுந்தன. உங்கள் பக்கம் காக்கைகள் கூட்டமாகச் செத்தால் இரை, தண்ணீர், காக்கைச் சோறு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கோழியைக் கூண்டில் அடையுங்கள், வெறுங்கையால் தொடாமல் மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இப்போதைக்கு மாமியார் சோறு வைக்கட்டும், மாடியில். ஆனால் செத்த கோழியையும் கறிக்கடைக் குடலையும் குப்பையில் போடாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொல்லித் தெருவில் சொல்லிவையுங்கள். பக்கத்து வீட்டுக் குடலை உங்கள் கொல்லைக்குத் தூக்கி வருவது அதே காக்கைதான்.