குரோஷே பழக எவ்வளவு காசு போக வேண்டும்?

தங்கச்சி, இந்த வருடம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றேன். பகல் பொழுது நகரவே மாட்டேன் என்கிறது. குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, பழகலாம் என்று ஓர் ஆசை. ஒன்லைனில் 73 சாமான் அடங்கிய பெட்டி ஒன்றை மகன் காட்டினான். ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடுமாம். வாங்கலாமா?
— உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை

வேண்டாம் ரீச்சர். அந்த 73 சாமானையும் படத்தில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடையாளத்துக்குக் குத்தும் பிளாஸ்டிக் ஊக்குகளே 20, 30 இருக்கும். அந்த வேலையை வீட்டில் கிடக்கும் சேஃப்டி பின் செய்யும். அளவு நாடா, கத்தரிக்கோல், தையல் ஊசி எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். பழகும்போது கையில் பிடிக்கப்போவது ஒரே ஒரு கொக்கி ஊசிதான்.

நானும் இப்படி ஒரு பெட்டியோடுதான் தொடங்கினேன். உள்ளே 12 அலுமினிய ஊசிகள். இரண்டில் கொக்கியின் வாய் சரியாகத் தீட்டப்படாமல் பிசிறோடு இருந்தது. கண்ணிக்குக் கண்ணி நூலைப் பிய்த்தது. என் கைதான் சரியில்லை என்று இரண்டு கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன்! ஆகவே கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். திருகோணமலை நகரில் மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம் தையல் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஊசியின் வாயை விரல் நுனியாலும் சேலைத் தலைப்பாலும் வருடிப் பாருங்கள். எங்கும் கொளுவாமல் வழுக்கிக்கொண்டு போனால் எடுக்கலாம்.

அளவு 4 அல்லது 5 மில்லிமீற்றர். பிடியில் மில்லிமீற்றர் பொறித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், மற்ற இலக்கங்களை விட்டுவிடுங்கள். பழைய இங்கிலாந்து இலக்கத்திலும், மெல்லிய உருக்கு ஊசிகளின் அமெரிக்க இலக்கத்திலும் எண் கூடக் கூட ஊசி மெலியும். பெரிய இலக்கம் என்று நம்பி வாங்கினால் தலைமுடி பருமனில் ஒன்று வந்து சேரும். அம்மம்மா காலத்தில் றேடியோப் பெட்டிக்கு மேல் விரித்த வெள்ளைப் பின்னல்களெல்லாம் அப்படியான ஊசியிலும் 20, 40 இலக்க நூலிலும் பின்னியவை. நூலிலும் அதே கதைதான், 40 என்பது 20ஐ விட மெல்லியது. அழகுதான், ஆனால் முதல் மாதத்துக்கு ஏற்றதல்ல. பெட்டகத்தில் அம்மம்மாவின் ஊசி இருந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். நம் உப்புக்காற்றில் பூச்சுப் போன ஊசி துருப்பிடிக்கும், துரு வெள்ளை நூலில் ஏறினால் பிறகு போகாது.

சரி, நூலுக்கு வருவோம். காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். முதல் பந்து வெளிர் நிறமாக, வழுவழுப்பாக, நடுத்தரப் பருமனில் இருக்கட்டும். கறுப்பு வேண்டாம், கண்ணி தெரியாது. பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும் வெல்வெட் நூலும் இப்போதைக்கு வேண்டாம். பிழை விட்டு அவிழ்க்கும்போது அழ வைக்கும்.

எனக்குப் பிடித்தது பருத்தி. கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியாது. ஆனால் 'மில்க் கொட்டன்' என்று எங்கும் விற்கிறார்களே, அதன் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது அக்ரிலிக் என்ற செயற்கை இழை கலந்த நூல். கெட்ட நூல் என்று சொல்ல வரவில்லை. பொம்மைக்கும் பைக்கும் நன்றாகவே இருக்கும். சூடான சட்டி பிடிக்கும் துணிக்கு மட்டும் ஆகாது, அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் நூலைக் குறட்டால் பிடித்து, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும். அக்ரிலிக் கருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும்.

விலையைக் கிராமில் ஒப்பிடாதீர்கள், மீற்றரில் பாருங்கள். ஒரே பருமன் நூல், 100 கிராம் பருத்திப் பந்து 630 ரூபா, லேபிளில் 210 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் 50 கிராம் அக்ரிலிக் பந்து 350 ரூபா, 140 மீற்றர். கிராம் கணக்கில் பருத்தி மலிவு. மீற்றர் கணக்கில் பருத்தி 3 ரூபா, அக்ரிலிக் இரண்டரை ரூபா. பருத்தி பாரமானது, அதே நிறைக்கு நீளம் குறைவு. லேபிளே இல்லாமல் பொலித்தீனில் கட்டித் தரும் நூலில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. அதனால் நான் அதை வாங்குவதில்லை.

இனி ஒரு ரூபா செலவில்லாத விஷயம். யூடியூபில் பழகும்போது, சொல்லித்தருபவர் கண்ணி வகைகளுக்கு அமெரிக்கப் பெயர் சொல்கிறாரா, பிரிட்டிஷ் பெயர் சொல்கிறாரா என்று முதலில் கவனியுங்கள். அமெரிக்கர் 'சிங்கிள்' என்பதைத்தான் பிரிட்டிஷார் 'டபுள்' என்பார்கள். அமெரிக்கரின் 'டபுள்' இவர்களுக்கு 'ட்ரெபிள்'. 'சிங்கிள் குரோஷே' என்ற பெயர் வந்தால் அது அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் சதுரம் பின்னப் போய்ச் செவ்வகம் பின்னியவர்கள் நம்மில் நிறையப் பேர்.

ஒரு ஊசி, ஒரு பந்து. அந்தப் பந்து முடிந்த பிறகும் ஆசை இருந்தால் அடுத்த அளவு ஊசியை வாங்குங்கள். பெட்டிக்கு மகனிடம் காசு கேட்க வேண்டாம், நல்ல வெளிச்சம் தரும் மேசை விளக்கொன்று கேளுங்கள்.

அக்கா, முகநூலில் விற்கும் ஒருவரிடம் மேசை விரிப்புக்கு நீல நூல் 6 பந்து வாங்கினேன். போதவில்லை. அதே இலக்கத்தில் இன்னும் 2 பந்து எடுத்தேன். வந்த நீலம் ஒரு சாயல் கூட. திருப்பி எடுக்க மாட்டார்களாம். எங்கே முறையிடலாம்?
— சாம்பல்தீவு வாசகி

இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிற இலக்கம் ஒன்றாக இருக்கும், கீழே 'லொட்' என்று போட்ட இலக்கம் வேறாக இருக்கும். அது சாயம் தோய்த்த தொகுதியின் இலக்கம். நம் சமையலில் நேற்றைய குழம்பும் இன்றைய குழம்பும் ஒரே நிறத்திலா வருகிறது? அதேபோலத்தான்.

நீங்கள் லொட் இலக்கம் சொல்லிக் கேட்கவில்லை என்றால், உண்மையைச் சொல்வதானால், விற்றவர் மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. பிரிக்காத பந்தை மாற்றித் தாருங்கள் என்று தயவாகக் கேட்டுப் பாருங்கள். 'அதே லொட்தான்' என்று அவர் எழுதியிருந்தால் கதை வேறு. அந்தச் செய்தியைப் படமெடுத்து வையுங்கள், பில் கேளுங்கள். கேட்டால் விற்றவர் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரிக்க அந்தச் சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இரண்டு பந்துக்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதுவரை விரிப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடாதீர்கள். கடைசிச் சில வரிசைகளை அவிழ்த்து, பழைய நூலில் ஒரு வரிசை, புதிய நூலில் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கண்ணுக்குத் தெரியாது. இல்லாவிட்டால் புதிய நீலத்தைக் கரைக்கென்று ஒதுக்குங்கள். வேண்டுமென்றே செய்தது போலிருக்கும்.

சகோதரி, நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. முயல் பொம்மை பின்னிக் கொடுக்க எண்ணம். 'சேஃப்டி' கண் என்று பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் விற்கிறார்களே, அது வாங்கலாமா?
— கிண்ணியா

பெயரில்தான் பாதுகாப்பு. 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தக் கண் வேண்டாம். பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள், காசும் மிச்சம். உள்ளே அடைக்கப் பொலியெஸ்டர் பஞ்சு வாங்குங்கள். இலவம்பஞ்சு கழுவினால் கட்டிபடும். லேபிளில் சொன்னதை விட ஓர் அளவு சிறிய ஊசியில் இறுக்கிப் பின்னினால் இடைவெளியால் பஞ்சு எட்டிப் பார்க்காது.

மகள் நிலாவெளிக்குப் போனபோது 'கையால் பின்னிய குரோஷே' என்று ஒரு மேற்சட்டை வாங்கி வந்தாள். கொடுத்த விலைக்கு அது கைவேலைதானா என்று சந்தேகமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
— திருகோணமலை நகரிலிருந்து ஒரு தகப்பன்

ஐயா, உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம். சாதாரணப் பின்னலுக்கு மெஷின் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. குரோஷேயை அப்படியே போடும் தொழிற்சாலை மெஷின் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. 'மெஷின் குரோஷே' என்று விற்பது வேறு வகைப் பின்னல், பார்வைக்குத்தான் அதுபோல. ஆகவே உண்மையான குரோஷே என்றால் யாரோ ஒருவர் கொக்கியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். அது மிகக் குறைந்த விலைக்கு வந்தால், ஒன்று அது குரோஷே அல்ல, அல்லது பின்னியவருக்குக் கூலி போய்ச் சேரவில்லை.

சட்டையை உட்புறம் திருப்புங்கள். கைவேலையில் நூல் முடிந்த இடங்களில் வால் நுனியை உள்ளே செருகி மறைத்திருப்பார்கள். ஒரு கண்ணி இறுக்கமாக, அடுத்தது சற்றுத் தளர்வாக இருக்கும். துணியை வெட்டி ஓரத்தை ஓவர்லொக் அடித்திருந்தால் அது சுருள் துணியிலிருந்து வெட்டித் தைத்தது. குரோஷே ஓரத்தை யாரும் வெட்டித் தைப்பதில்லை, தேவைப்பட்ட அளவுக்கே பின்னுவார்கள்.

அடுத்த முறை விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்படி மகளுக்குச் சொல்லுங்கள்: "இதே மாதிரி மஞ்சளில் இன்னும் நாலு வேண்டும், எப்போது தருவீர்கள்?" பின்னுகிறவர் பெருமூச்சு விட்டு ஒரு மாதம் என்பார். மற்றவர் "நாளைக்கே வாங்கோ" என்பார்.